நாலு டப்பா தண்ணீர்

டிரைவர் கோபால்சாமி ரேடியேட்டர் மூடியைத் திறந்ததும் ஆவி புஸ்ஸென்று கிளம்பியது.

இனி நாலு டப்பா தண்ணீர் ஊற்றும் நேரம்தான். அதற்குள் சொல்லி முடித்தாக வேண்டும்.

அந்த எண்பத்தொன்றாம் வருஷத்தில் ஜவ்வாது மலை ஏறும் எந்த ஜீப்பும் சுனை வளைவில் நிற்காமல் போனதில்லை. ஊருக்குள் போய்விட்டால் ஜீப்பில் வரும் பெரிய டாக்டரைப் பெரிய மனுஷர்கள் மொய்த்துக்கொள்வார்கள். அர்ச்சுனனுக்கு அவர் நிழல்கூடக் கிடைக்காது. ஊர் ஊராக நடந்து காய்ச்சல் மாத்திரை கொடுக்க மலையிலேயே ஒரே ஓர் ஆளை எடுக்கப்போகிறார்கள், சுனையில் வைத்துப் பிடித்துக்கொள் என்று கோபால்சாமிதான் போன வாரம் காதில் போட்டுவிட்டுப் போனார்.

அந்த வேலை கிடைக்காவிட்டால், நாளைக் காலை குடகு காப்பித் தோட்டத்துக்குப் போகும் கூட்டத்தோடு அர்ச்சுனனும் இறங்க வேண்டும். திரும்பி வர ஆறு மாசம் ஆகும்.

பெண்டாட்டி மாதம்மாளுக்கு இது எட்டாம் மாசம். போன தடவை அவன் குடகில் இருந்தபோதுதான் தலைப்பிள்ளை பிறந்தது, ஒன்பதாம் நாள் செத்தும் போனது. அதன் முகத்தைக்கூட அவன் பார்க்கவில்லை.

பேசப்போவது அவன் இல்லை. மாதம்மாளின் அண்ணன் ரங்கன். தன் அருமையைத் தன் வாயால் சொல்கிறவனை அவர்கள் ஊரில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். பெண் கேட்பதானாலும் பங்கு கேட்பதானாலும் இன்னொருத்தர்தான் பேச வேண்டும். வேண்டியவன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதெல்லாம் கீழ்நாட்டுப் பேச்சு.

ஒரு வாரமாக இதே சுனையில் ஒத்திகை நடந்தது. அர்ச்சுனன் டப்பாவில் மொண்டு மொண்டு பாறை மேல் ஊற்றுவான், ரங்கன் பாறையைப் பார்த்துப் பேசுவான். முதல் நாள் டாக்டர் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, கீழே மழை உண்டா என்று விசாரித்துவிட்டு அர்ச்சுனனின் பாட்டன் வழிக்கு வருவதற்குள் நாலு டப்பாவும் தீர்ந்துபோனது. அர்ச்சுனன் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி எழுதி அடித்தான். மழையை எடுத்தார்கள், பாட்டனை எடுத்தார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு குலசாமியையும் எடுத்தார்கள்.

டாக்டர் ஜீப்பிலிருந்து இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபால்சாமி முதல் டப்பாவை ஊற்ற, ரங்கன் ஆரம்பித்தான்.

"கும்பிடுறேங்க. இவன் எங்க வூட்டு மாப்பிள்ளைங்க. பத்தாவது பாஸு. கண்ணைக் கட்டி வுட்டாலும் எல்லா ஊருக்கும் நடந்து போய்ட்டு வருவான். எங்க ஜனம் வெளியாளு குடுத்தா மாத்திரையை வாங்கிக் கூரையில சொருவி வச்சுக்கும். இவன் குடுத்தா முழுங்கும். உங்க மாத்திரை வவுத்துக்குள்ள போவணும்னா இவனைப் போடுங்க."

அப்பாடா, ஒரு சொல் பிசகவில்லை.

மூன்றாவது டப்பா சாயும்போதுதான் அர்ச்சுனனுக்குப் பொறி தட்டியது. பேரைச் சொல்லவே இல்லை! ஊருக்குள் பேசும்போது யார் பேரைச் சொல்கிறார்கள்? எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். பார்த்துப் பார்த்து வெட்டியவர்களுக்கு, பேர் என்று ஒன்றை முதலிலிருந்தே சேர்க்கவில்லை என்பது உறைக்கவில்லை.

டாக்டர் அவன் பக்கம் திரும்பவும் இல்லை. ரங்கனையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ எதுவரை படித்தாய் என்று கேட்டார். ஐந்தாவது என்றான் ரங்கன்.

"அஞ்சு போதும். படிச்சவன் எங்க வேணும்னாலும் கிடைப்பான். ஜனங்க மனசு தெரிஞ்சு பேசற ஆள்தான் எனக்கு வேணும். நீயே வந்துடு."

நாலாவது டப்பா.

குடகுக்குப் போகும் கூட்டத்தில் ரங்கனும் ஓர் ஆள். அவனுக்கும் வீட்டில் மூன்று குழந்தைகள், போன வருஷத்து அட்டைக்கடிப் புண் இன்னும் காலில் ஆறவில்லை. பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. எவன் வேண்டாம் என்பான்?

அர்ச்சுனன் வாயைத் திறந்திருக்கலாம். பேசினது அவன், எழுதினது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வழக்கம் தடுத்தது என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம்தான். உண்மையில், மச்சான் மேல் பொங்கி வந்த ஆத்திரம்தான் தடுத்தது. கூடப் பிறந்தவளுக்கே குழி பறிக்கிறானே பாவி என்று மனசுக்குள் சபித்தான்.

கோபால்சாமி மூடியைத் திருகிவிட்டு வண்டியில் ஏறினார்.

டாக்டரும் ஏறி உட்கார்ந்து சின்ன நோட்டை எடுத்தார். பத்து நாளில் உத்தரவு தபாலில் வரும், அந்தப் பேருள்ளவன் காகிதத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்துகொள்ளலாம் என்றார். மலைக்காரர்கள் முகமெல்லாம் அவருக்கு ஒரே முகம்தான்.

"பேர் சொல்லுப்பா."

ரங்கன் ஜீப்பை ஒட்டி வந்து நின்றான்.

"அர்ச்சுனனுங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார். கோபால்சாமி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, கூட நிற்கிறவன் பேர் என்ன, அவனுக்கும் பின்னால் ஏதாவது பார்க்கலாம் என்று டாக்டர் பேனாவால் காட்டினார்.

"அவன் ரங்கனுங்க. அவனுக்கு ஒண்ணும் வேணாங்க, நாளைக்குக் குடகுக்குப் போறான்."