கம்பளி மேல் மேளம்

அன்று எங்கள் பயிற்சி மையத்தின் அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். ஆறு வயது ஆர்ச்சா, அவள் தாய் பிரசீதா, தந்தையும் செண்டைக் கலைஞருமான ஹரிதாஸ் மாரார், பிரசீதாவின் அண்ணனும் கோயில் பூரத் திருவிழாக் கமிட்டிச் செயலாளருமான கோபிநாதன், குழந்தைகளுக்கு ஆக்குபேஷனல் தெரபி அளிக்கும் எல்சி டீச்சர், குறிப்பெழுதும் நான்.

கைப்பேசிகளை வாசல் கூடையில் வைத்துவிட்டு வருவது இங்கே விதி. பூரத்துக்குப் பத்து நாள்கூட இல்லை, யானை அனுமதிக்காகக் கலெக்டர் ஆபீசில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே கோபிநாதன் நேராக உள்ளே வந்து அமர்ந்தார்.

ஆர்ச்சாவின் காதுகள் ஓசையைப் பன்மடங்காக உணர்பவை. சத்தம் தாங்காதபோது தன் மணிக்கட்டையே கடித்துக்கொள்வாள். ஏழு மாதப் பயிற்சியில் நின்றிருந்த அந்தப் பழக்கம் மூன்று வாரமாகத் திரும்பியிருந்தது. மணிக்கட்டில் புதிய புண்.

"காரணம் கண்டுபிடிக்க ஆராய்ச்சியா வேணும், டீச்சர்?" என்றார் கோபிநாதன். "வீட்டுக்குள்ளயே செண்டை அடிக்கிறவன்கிட்ட புள்ள எப்படித் தேறும்?"

இருபது வருடம் பின்வரிசையில் நின்ற ஹரிதாஸ், இந்தப் பூரத்தில்தான் முதன்முறையாக மேளத்தை நடத்தப் போகிறார். அந்த ஆசையில் விடிகாலையில் கதவைச் சாத்திக்கொண்டு அடிக்கிறாராம். இன்றே தங்கையையும் குழந்தையையும் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்ல முடிவு செய்திருப்பதாகவும், கார் வெளியே நிற்பதாகவும் கோபிநாதன் அறிவித்தார்.

"பூரம் முடியற வரைக்கும்னு நெனச்சுக்காத, மச்சான். இனிமே புள்ள அங்கதான்."

மனைவியின் அண்ணன் எதிரே ஹரிதாஸ் குரல் உயர்த்துவதில்லை. அன்றும் தரையைப் பார்த்தபடி நின்றார்.

டீச்சர் நேரடியாகவே கேட்டார். "வீட்ல அடிக்கிறீங்களா?"

"அடிக்கிறேன்."

"ஆர்ச்சா இருக்கும்போதா?"

"அவள மடியில வச்சுக்கிட்டுத்தான்."

கோபிநாதன் சிரித்தார். "இதுக்கு மேல சாட்சி வேற வேணுமா?"

"தப்பு என்னோடதுன்னு டீச்சர் சொல்லட்டும்," என்றார் ஹரிதாஸ். "மேளத்துக்கு வேற ஆளப் பாத்துக்கங்க. இனி செண்டைக் கோலையே தொட மாட்டேன். புள்ளைய மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க."

எப்படி அடிப்பீர்கள் என்று இங்கேயே காட்டச் சொன்னார் டீச்சர். ஹரிதாஸ் பையிலிருந்து கோலை எடுத்தார். எங்கள் கம்பளியை வாங்கி மடித்துத் தரையில் விரித்தார். சத்தம் அடங்கியிருக்க எட்டு மடிப்பில் தொடங்கியதாகவும், குழந்தை பழகப் பழக ஒவ்வொன்றாகப் பிரித்து இப்போது இரண்டு மடிப்புக்கு வந்திருப்பதாகவும் தயங்கியபடி சொன்னார்.

ஆர்ச்சா தானாக வந்து அவர் மடியில் அமர்ந்தாள். அவர் அவள் முதுகில் விரலால் மூன்று முறை தட்டினார். பிறகுதான் கோல் கம்பளியில் விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் முன் முதுகில் தட்டு. அதன் பிறகே கோல். ஆர்ச்சா காதைப் பொத்தவில்லை. உள்ளங்கையைக் கம்பளியின் மேல் வைத்து, அதிர்வைத் தொட்டுப் பார்த்தாள்.

ஏழு மாதமாக நாங்கள் அவளுக்குப் பழக்க முயன்றது அதைத்தான். ஓசை வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் அவள் தாங்கிக்கொள்வாள். தெரியாமல் வருவதைத்தான் தாங்கமாட்டாள். டீச்சர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இங்க நடிச்சுக் காட்டறான்," என்றார் கோபிநாதன். "தெனம் சாயங்காலம் நான் அங்க டீ குடிக்கப் போறேன். என் கண்ணு முன்னாலயே அலறிக் கடிச்சுக்கறா."

பிரசீதாவின் நோட்டுப் புத்தகத்தை டீச்சர் புரட்டினார். குழந்தை கடித்துக்கொண்ட ஒவ்வொரு வேளையையும் தாய் அதில் எழுதி வர வேண்டும். மூன்று வாரக் குறிப்புகளும் மாலை ஆறுக்கும் ஏழுக்கும் இடைப்பட்டவை.

"அந்த நேரத்துல மாரார் எங்க இருப்பார்?"

"கோயில்ல, ஒத்திகையில," என்றாள் பிரசீதா. "எட்டு மணிக்குத்தான் வருவார்."

கோபிநாதன் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருடைய சட்டைப்பையிலிருந்து கொம்பும் தாளமும் வெடிச்சத்தமுமாக ஒரு முழுப் பூரமே கிளம்பியது.

ஆர்ச்சா அலறினாள். பற்கள் மணிக்கட்டைத் தேடின. ஹரிதாஸ் அவளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு தம் கையை அவள் வாயருகே கொடுத்தார்.

கோபிநாதன் கைப்பேசியை எடுத்து அழுத்தினார். மேளம் நின்றது.

"இதேதான், ஏட்டா," என்றாள் பிரசீதா தன் அண்ணனிடம், மெல்ல. "கமிட்டி வேல ஆரம்பிச்ச இந்த மூணு வாரமா, தெனமும் சாயங்காலம் இந்த போன்."

கோபிநாதன் எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், வாசல் கூடையைத் தாண்டி, தனியாகவே காருக்கு நடந்தார்.