அண்ணனுக்கு வந்த கால்வலி

சைக்கிள் சங்கத்தின் வருஷக் கடைசிச் சவாரிக்குப் பதிலாக இந்தத் தடவை எல்லோரும் மலை ஏறலாம் என்று தையற்காரி அறிவித்ததும், சங்கத் தலைவரான அவள் அண்ணன் கொதித்துப்போனார்.

"உதிர்ந்த இலையெல்லாம் ஈரமாக் கிடக்கும். சறுக்கி விழுந்தா அம்மா என்னைத்தான் கொல்லுவாங்க."

"ஈரத்துல சைக்கிளும்தான் சறுக்கும். அதான் நடக்கலாங்குறேன்."

"சைக்கிள் வேற, மலை வேற. பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேணும்."

"பயமா இருந்தா நீ வீட்ல இரு அண்ணா. மத்தவங்க வர்றாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் முறைத்துக்கொண்டே வந்து சேர்ந்தார். பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது. தங்கையோ திரும்பிப் பார்க்காமல் கூட்டத்துக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

உச்சிக்கு வந்ததும் அவர் ஒரு பாறையில் சரிந்து, பாதங்களைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"ரெண்டு காலும் போச்சு. உனக்கு வலிக்கவே இல்லையா?"

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காற்சட்டையைச் சுருட்டிவிட்டு, முழங்காலுக்குக் கீழே மாட்டியிருந்த செயற்கைக் காலைக் கழற்றிப் பாறைமேல் வைத்தாள்.

"வலிக்காம என்ன? ஆனா உனக்கு வலிக்கிறதுல பாதிதான்."