சிவப்பு லேயர்

“இன்னா சார் இது? வீட்டு பிளானா, இல்ல என்னைக் கிண்டல் பண்ணப் போட்ட போஸ்டரா?”

ஹபீபுர் ரஹ்மான் கையிலிருந்த பெரிய தாளை மேஜைமேல் விரித்தார். விரித்தார் என்பதைவிட அறைந்தார் என்று சொல்லலாம். பவுல்சாமியின் டீ கிளாஸ் ஓர் அங்குலம் எம்பி உட்கார்ந்தது.

சாந்தோமில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் பவுல்சாமியின் வரைபட அலுவலகம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரே ஊழியர் ரெனிட்டா. பாண்டி பஜாரில் சூட்கேஸ் கடை வைத்திருக்கும் ரஹ்மான், அபிராமபுரத்தில் கட்டப்போகும் வீடுதான் அவர்களுக்கு இந்த வருஷம் கிடைத்த ஒரே பெரிய வேலை.

“உட்காருங்க பாய். நீங்களும் உட்காருங்கம்மா” என்றார் பவுல்சாமி, ரஹ்மானுக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி சகினாவையும் பார்த்து.

“உட்கார வரல. படிங்க!”

பவுல்சாமி கண்ணாடியை மாட்டினார். கறுப்புக் கோடுகளுக்கு நடுவே, சிவப்பில், ஆங்கில எழுத்துகளில் தட்டிய தமிழ்.

சமையலறைக்குள்: ‘ஜன்னலே காணோம். இங்க வேகப்போறது சோறா, சமைக்கிற ஆளா?’

ஹாலுக்குள்: ‘இவ்ளோ பெருசு எதுக்கு? உள்ளே ஷேர் ஆட்டோ விடப்போறாரா?’

அடுத்த அறைக்குள்: ‘ஆபீஸ் ரூமாம். நடக்கப்போறது தூக்கம். மேஜை வேணாம், கட்டில் போடவும்.’

வந்த சிரிப்பைப் பவுல்சாமி இருமலாக மாற்றினார்.

“நேத்து நீங்க அனுப்பின ஃபைலை வீட்டு கம்ப்யூட்டர்லேர்ந்து பென் டிரைவ்ல ஏத்திக்கினு போய் லஸ் கார்னர்ல பிரிண்ட் போட்டேன். கடைல இருந்தவன் எல்லாம் சிரிக்கிறான் சார்! ஒருத்தன், ‘பாய், உங்க ஆட்டோ எந்த ரூட்டு’ன்னு கேக்குறான்!”

பவுல்சாமிக்குத் தன் வாய்மீதே கோபம் வந்தது. லட்சக்கணக்கில் விலை சொல்லும் மென்பொருளை வாங்க வழியில்லாமல்தான் அவர் லிப்ரேகேடு என்ற இலவச மென்பொருளுக்கு வந்தார். சும்மா வந்தோமா, வரைந்தோமா என்று இருந்திருக்கலாம். வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம், “ஒரு பைசா கிடையாதுங்க, உங்க வீட்டு கம்ப்யூட்டர்லயும் போட்டுக்குங்க, பிளானை நீங்களே திறந்து பார்க்கலாம்” என்று பெருமையடித்தார். ரஹ்மான் வீட்டுக்கு ரெனிட்டாவையே ஃபோனில் பேசவைத்து, அதைப் போடவும் சொல்லிக் கொடுத்தார். இப்போது திறந்து பார்த்துவிட்டார்கள்.

என்ன நடந்திருக்கும் என்று அவருக்குப் புரிந்தது. சுவருக்கு ஒரு லேயர், கரண்ட் வயருக்கு ஒரு லேயர் என்று கண்ணாடித் தாள்களை அடுக்குவதுபோல்தான் வரைவார்கள். வேண்டாததை மறைத்துவிட்டால் கண்ணுக்கும் தெரியாது, பிரிண்டிலும் வராது. இந்தப் பெண் விளையாட்டாக ஒரு லேயரில் எதையோ கிறுக்கிவிட்டு, மறைக்காமல் அனுப்பியிருக்கிறாள்.

“ரெனிட்டா! என்னம்மா இது?”

“சார்... அது வந்து...” ரெனிட்டா தலை நிமிரவில்லை.

“நீ எழுதினியா, இல்லையா?”

“எழுதினேன்னும் சொல்ல முடியாது சார். எழுதலன்னும் சொல்ல முடியாது.”

“பார்த்தீங்களா, கோர்ட்ல நிக்கிற மாதிரி பதில் சொல்லுது!” ரஹ்மான் எகிறினார். “ஒண்ணு இந்தப் பொண்ணு இங்க இருக்கணும், இல்ல என் வீட்டு வேலை இருக்கணும். இப்பவே சொல்லுங்க.”

“ஏங்க, விடுங்க. சின்னப் பொண்ணு” என்றாள் சகினா. “அடுப்படிக்கு ஜன்னல் இல்லாதது நெசந்தானே?”

“நீ சும்மா இரு. உனக்கு பிளானைப் பத்தி இன்னா தெரியும்?”

பவுல்சாமி சுவரில் மாட்டியிருந்த வேளாங்கண்ணி மாதாவைப் பார்த்தார். மாதா எந்த யோசனையும் சொல்லவில்லை. ரெனிட்டா நான்கு வருஷமாக ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. ஆனால் இந்த வேலை போனால் அலுவலகமே போய்விடும்.

“மன்னிச்சுக்கம்மா” என்றார் மெல்ல. “உன் மேஜையைக் காலி பண்ணிடு.”

ரெனிட்டா எழுந்தாள். டிபன் பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்தாள். ரஹ்மான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“இருங்க, பெட்ரூம்ல இன்னா எழுதி கீதுன்னு நீங்க படிக்கவே இல்ல!” தாளைத் திருப்பி உரக்கப் படித்தார். “‘நாலரை இஞ்ச் சுவர் பத்தாது, ஒம்போது இஞ்சாப் போடவும். இடது பக்கம் திரும்பிப் படுத்தா இவர் விடுற குறட்டை அடுத்த தெரு வரைக்கும் கேக்கும்.’ எவ்ளோ திமிரு பாருங்க!”

“ஏம்மா, பாய் எந்தப் பக்கம் படுத்தா குறட்டை விடுவாருன்னு உனக்கு எப்படி...”

பவுல்சாமி பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். கேட்கக்கூடாத கேள்வி, அதுவும் மனைவியை வைத்துக்கொண்டு.

ரஹ்மானின் முகத்தில் கோபம் வடிந்து, வியர்வை வந்தது.

“சகினா! சத்தியமாச் சொல்றேன், இந்தப் பொண்ணை இந்த ஆபீஸ்ல தவிர வேற எங்கயும் நான் பார்த்ததே கிடையாது! பவுல்சாமி சார், நீங்களாவது சொல்லுங்க சார்!”

“எனக்கு என்ன பாய் தெரியும்?”

சகினா கணவரை ஒருமுறை பார்த்தாள். பிறகு நேராகப் போய், ரெனிட்டாவின் தோளிலிருந்த பையை வாங்கி மறுபடி மேஜைமேல் வைத்தாள்.

“மன்னிச்சுக்க ரெனிட்டா. எழுதி முடிச்சதும் என் லேயரை மறைச்சிட்டுத்தான் உனக்கு அனுப்பணும்னு ஃபோன்ல எத்தனை தடவை சொல்லிக் குடுத்தே, நேத்து நான்தான் மறந்துட்டேன்!”