ஒரு வாரம் பேசக் கூடாது

"பேச்சைக் குறைங்கக்கா. ஒரு வாரம் வாயைத் திறக்கலைன்னா உதடு தானா ஆறிடும்" என்றாள் மருந்துக்கடைக்கார ரவ்தா.

மப்ரூக்காவின் உதடுகள் வருஷம் முழுக்க வெடித்தே கிடக்கும். சுரங்க ஊரான மெத்லாவியின் பாலைக்காற்று போதாதென்று, கடைக்குள் நுழைந்ததிலிருந்து கணவர் லஸ்ஹரிடம் தன் தங்கை வீட்டு வம்பை ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரோ கண்கொட்டாமல் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

'பாவம் மனுஷன்' என்று நினைத்த ரவ்தா, அலமாரிப் பக்கம் திரும்பி மருந்தைத் தேடியபடியே, "ஒரு வாரம் உங்க காதுக்கு நிம்மதிண்ணே!" என்றாள்.

லஸ்ஹரின் பார்வை மனைவியின் முகத்தைவிட்டு நகரவில்லை.

"அவருக்குக் கேக்காதும்மா" என்றாள் மப்ரூக்கா. "சுரங்கத்து வெடிச் சத்தத்துல காது போயிடுச்சு. ஊர்ச் சேதி, பள்ளிவாசல் பாங்கு, பேரன் அழறது, எல்லாத்தையும் என் உதட்டைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கறார். நான் வாயை மூடிக்கிட்டா மனுஷன் தவிச்சுப் போயிடுவார்."

ரவ்தா கையிலெடுத்த புதினா வாசனைக் களிம்பைத் திரும்ப வைத்தாள். தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும் மட்டும் கலந்த, எரியாத களிம்பை எடுத்து வந்தாள்.

"பேசுங்கக்கா, நிறையப் பேசுங்க. பேசறதுக்கு முன்னாடி இதைத் தடவிக்குங்க" என்றாள், லஸ்ஹரின் முகத்துக்கு நேராக, நிதானமாக.

அவர் டப்பாவைத் திறந்து, விரல் நுனியால் மனைவியின் உதட்டில் மெல்லத் தடவிவிட்டார்.

"ம், பாதியில விட்டுட்டியே. அப்புறம் உன் தங்கச்சி என்ன சொன்னா?"