அசையாத ஆள்

புகைப்படச் சங்கத் தலைவர், முதுகில் ‘தலைவர்’ என்று தைத்த ஜாக்கெட்டைத் தூங்கும்போதுகூடக் கழற்றமாட்டார். சிவப்பு லோகோ கம்பெனி கேமராவின் பரம பக்தர்.

“நீல லோகோ கேமரால எடுத்த படத்துக்கு நம்ம கண்காட்சியில இடமே கிடையாது. அந்தக் கம்பெனிக் கடைப் பக்கம் நான் தலைவெச்சுக்கூடப் படுத்ததில்ல!” என்று கூட்டத்தில் முழங்கினார்.

கைதட்டல் அடங்கியதும் அவருடைய மச்சினன் எழுந்தான். அவனிடம் இருந்தது நீலம்.

“ஒரே ஒரு படம் மாமா. பாத்துட்டுத் தள்ளுங்க.”

திரையில் கடைத்தெரு விரிந்தது. பட்டப்பகல். ஆனால் தெருவில் ஈ காக்கை இல்லை.

“கடையடைப்பு அன்னிக்கு எடுத்தியா?” என்றார் பொருளாளர்.

“இல்லைங்க, செம கூட்டம். லென்ஸ் முன்னால வெளிச்சத்தைக் குறைக்கற கறுப்பு ஃபில்டர் மாட்டி, ஷட்டரை நாலு நிமிஷம் திறந்து வெச்சேன்.”

தலைவருக்குப் பாடம் நடத்தும் ஆசை வந்துவிட்டது.

“இதென்ன பெரிய வித்தையா? நடமாடறவங்க யாரும் படத்துல பதியமாட்டாங்க. நம்ம கேமராவுல இன்னும் சுத்தமா வரும். அங்க பாரு, ஓரத்துல புள்ளி மாதிரி ஒருத்தன் நிக்கறான்!”

“அவர் மட்டும் ஏன் மாமா மறையல?”

“நாலு நிமிஷமும் அசையாம வாயைப் பொளந்துக்கிட்டு வேடிக்கை பாத்திருக்கான், வேலைவெட்டி இல்லாதவன்!”

மச்சினன் அந்த ஓரத்தைப் பெரிதாக்கினான்.

நீல லோகோ ஷோரூம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றது ஓர் உருவம்.

பொருளாளர் எழுந்து திரைக்கு அருகே போனார்.

“ஜாக்கெட்ல தைச்சிருக்கற எழுத்தைக்கூட என்ன துல்லியமா எடுத்திருக்கு தலைவரே, இந்த நீலம்!”