நம்பர் மாறாத வீடு

"காத்தைப் பாருங்கம்மா, பாலாத்துக் காத்து. ஃபேனே போட வேணாம்" என்று மொட்டை மாடியில் நின்று கையை விரித்தார் வீட்டு புரோக்கர் சிட்டிபாபு.

நல்ல வீடுதான். ஓரிக்கையைத் தாண்டி, தனி மாடி, கீழே கிணறு, ஒரு சத்தம் கிடையாது. வாடகையும் பெருந்தேவிக்குக் கட்டுப்படியாகிற வாடகைதான்.

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். இதுவரை பார்த்த எல்லா வீட்டிலும் கேட்ட அதே கேள்வி.

"இங்க வந்தா என் போன் நம்பர் மாறிடுமா?"

சிட்டிபாபுவின் முகம் தொங்கிப்போனது. வரும்போதே டெலிபோன் லைன்மேனிடம் விசாரித்துவிட்டார். இந்தப் பகுதிக்கு வேறு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். புது நம்பர்தான் கொடுப்பார்கள். காற்றையும் கிணற்றையும் காட்டி அதை அமுக்கிவிடலாம் என்று பார்த்தார். இந்த அம்மாளிடம் நடக்குமா?

"மாறும்மா."

"அப்ப வேண்டாம்."

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்ரோல் போட்டு ஊர் முழுக்கக் கூட்டிக்கொண்டு சுற்றியாயிற்று. இதுதான் கடைசி வீடு.

அவளுக்கும் அது தெரியும். நாளைக்கு அவள் இருக்கும் வீட்டை இடிக்க ஆள் வருகிறது. வீட்டுக்காரரும் பாவம், தவணை கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துவிட்டார். சாமான்கள் மூட்டையாகக் கூடத்தில் கிடக்கின்றன. மூட்டை கட்டாமல் இருப்பது டெலிபோன் ஒன்றுதான். வீடு மாற்றும்போது ஒரு நாள் லைன் இருக்காது என்று லைன்மேன் சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த போன் மணி அடித்தால், பாத்ரூமில் இருந்தாலும் ஈரத்தோடு ஓடி வந்து எடுப்பாள்.

இத்தனைக்கும் அவள் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அமெரிக்க டாக்டர்கள் பேசி அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு, கம்ப்யூட்டரில் டைப் அடித்து அனுப்புகிற வேலை. பிராட்பேண்ட் இருந்தால் போதும், ஆபீஸ் என்று ஒன்று கிடையாது. கொடுத்து வைத்தவள் என்று தெருவே சொன்னது.

ஓசூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்ட கணவன் ஸுதர்சனும் அதையேதான் சொன்னான். "எங்க வேணா இருக்கலாம்னு ஆனப்புறமும் அங்கேயே இருந்துண்டு ஏன் உன்னையே கொன்னுக்கறே?" என்று கெஞ்சினான், கத்தினான், ஒரு நாள் போனிலேயே அழுதான். இப்போது கூப்பிடுவதையே குறைத்துக்கொண்டுவிட்டான்.

அவளால் சின்ன காஞ்சிபுரம் எக்ஸ்சேஞ்சின் எல்லையைத் தாண்ட முடியவில்லை. அந்த எல்லைக்குள் ஒரு மாட்டுக்கொட்டகை கிடைத்தாலும் போதும்.

தூரத்தில் வரதர் கோயில் கோபுரம் தெரிந்தது. சிட்டிபாபு கோபத்தை அப்படியே நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் உயர்த்திக் கும்பிட்டார். இந்த அம்மாளுக்கு நீயே ஒரு வீடு பாரப்பா என்று விண்ணப்பமும் போட்டார்.

பெருந்தேவி கும்பிடவில்லை. அவளுடைய இடது கை மாடிக் கைப்பிடியைப் பற்றியிருந்தது. பற்றியது பற்றியபடியே இருந்தது. அந்தக் கோயிலில் இருக்கும் தாயாரின் பெயரையே வைத்துக்கொண்டு இப்படி ஒருத்தி என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. எந்த வீட்டு மாடியிலும் அவள் கும்பிட்டு அவர் பார்க்கவில்லை.

"தறிக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு ரூம் காட்டினீங்களே, அது இன்னும் காலியாத்தான் இருக்கா?" என்று கேட்டாள்.

"அது ரூம் இல்லம்மா. பழைய தறிச் சாமான் போட்டு வெச்சிருந்த இடம். ஜன்னலே கிடையாது. காலையில புடிச்சி தறி சத்தம் வந்துக்கினே இருக்குது. உங்களுக்கு காதுல கேக்கற வேலை. ஒரு வார்த்த கேக்காது. வேலையே போயிடும்மா."

"போகட்டும். நம்பர் மாறாதில்ல?"

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்துவிட்டது. சிட்டிபாபுவின் கோபம் இறங்கியது.

"அப்படி என்னம்மா இருக்குது அந்த நம்பர்ல?"

"என் பொண்ணுக்கு அந்த நம்பர்தான் மனப்பாடம். பாட்டு மாதிரி சொல்லுவா."

ஹாஸ்டலில் போட்டுப் படிக்க வைக்கிறாள் போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். இதற்கா இவ்வளவு அலைச்சல் என்று சிரிப்புக்கூட வந்தது.

"புது நம்பரைச் சொல்லிக் குடுத்தாப் போச்சு. கொழந்தைங்கதானே, ஒரே நாள்ல கத்துக்கும்."

பெருந்தேவி கோபுரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கோபுர வாசலில்தான், வைகாசி கருட சேவையன்று விடியும் வேளையில், பெருமாளை ஒரு கணம் குடையால் மறைப்பார்கள். முன்னொரு காலத்தில், வர முடியாமல் சோளிங்கரில் கிடந்து அழுத பக்தர் ஒருவருக்கு, அந்த ஒரு கணம் இங்கே மறைந்து அங்கே போய்க் காட்சி கொடுத்தாராம். குடை விலகியதும் கூட்டம் மொத்தமும் வரதா என்று கதறிக்கொண்டு முன்னால் பாயும்.

மூன்று வைகாசிக்கு முன்னால், அந்தக் கூட்டத்தின் நடுவில், பெருந்தேவி ஐந்து வயது மகள் ஸிந்துஜாவின் கையைத் தன் இடது கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குடை விலகியது.

எல்லோரையும் போலப் பெருந்தேவியும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கூப்பினாள்.