டும் டும் கீ

"பொம்பிளைப் பிள்ளை கை வைச்ச இஞ்சினுக்கு இனி எங்கட வாய்க்காலில இடமில்லை" என்றார் ஏரம்பர்.

முரசுமோட்டைச் சங்கக்கடை முற்றத்தில் கூடியிருந்த கமக்காரர் எல்லோரும் தலையாட்டினார்கள். ஏரம்பர் வாய்க்கால் தலைவர். அவர் செருமினால் மாடும் தலையாட்டும்.

குற்றவாளி அருந்ததிக்குப் பதினாறு வயது. தகப்பன் இளையதம்பியின் மண்ணெண்ணெய்ப் பம்பை ஒழுங்காக ஓடவைத்ததுதான் அவள் செய்த குற்றம்.

அந்தப் பம்பு முந்தி இழுப்பு வருத்தக்காரர் மாதிரி "புளுக்... புளுக்..." என்று வெள்ளைப் புகை கக்கும். எண்ணெய் குளிராக உள்ளே போவதுதான் அதன் நோய் என்று அருந்ததி பிடித்தாள். களிமண்ணில் சின்ன இஞ்சின் ஒன்று செய்து, அதில் கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்தாள். பிறகு உண்மையான புகைப் பைப்பையே வளைத்து, அதன் சூடு எண்ணெய்க் குழாயில் படும்படி கட்டினாள். எண்ணெய்ச் செலவு குறைந்தது, தண்ணீர் கூடியது. பைப்பின் வளைவில் ஓர் ஓட்டை விழுந்துவிட்டதால் சத்தம் மட்டும் புதுசு.

டும் டும் கீ... டும் டும் கீ...

போன கிழமை ஏரம்பர் வந்து அந்தப் பைப்பைச் சுற்றிச் சுற்றி, குனிந்து குனிந்து பார்த்துவிட்டு, "ம்ஹும், அதாவது என்னெண்டால், வெக்கக்கேடு" என்று செருமிக்கொண்டு போனார். அவர் படலை தாண்டுமுன் அருந்ததி அதே செருமலைச் செருமிக்காட்ட, கட்டிக்கிடந்த ஆடுகூடத் திரும்பிப் பார்த்தது.

இன்றைக்குத் தீர்ப்பு. பைப்பைப் பழையபடி மாற்றி, சபையில் மன்னிப்புக் கேட்கவேண்டும். இல்லையென்றால் பம்பை வாய்க்காலிலிருந்து தூக்கவேண்டும்.

இளையதம்பி மகளின் காதுக்குள், "கேட்டு விடு பிள்ளை. மிளகாய் பூத்து நிக்குது, தண்ணியில்லாட்டில் கருகிப்போம்" என்றார்.

"கேக்கமாட்டன் அப்பா. பைப்பையும் கழட்டமாட்டன். அதில என்ன பிழையெண்டு தலைவர் சொல்லட்டும்."

ஏரம்பர் செருமினார். "ம்ஹும், அதாவது என்னெண்டால்..."

அந்த நேரம் பார்த்து, வாய்க்காலுக்கு அங்காலே ஏரம்பரின் தோட்டத்தில் அவருடைய மூத்த மகன் பம்பைத் தொடக்கினான்.

டும் டும் கீ... டும் டும் கீ...

ஒருவரும் தலையாட்டவில்லை. ஏரம்பர் சால்வையைத் தேடினார். அது தோளில்தான் கிடந்தது.

அருந்ததி எழுந்து நின்றாள்.

"அந்த ஓட்டை வித்தையில்லை மாமா, என்ர பிழை. கழட்டிக்கொண்டு வாங்கோ, அடைச்சுத் தாறன்."